தீப்பெட்டிக்குள் இருந்தது

காலை 11.42. சர்க்கரையை அரைத்துப் பொடியாக்கும் ஆலையின் இரண்டாம் கூடம் வெடித்தது. கூரைத் தகடுகள் சாலைவரை பறந்தன. அரவை இயந்திரத்தை ஓட்டிய ஆபரேட்டர் நின்ற இடத்திலேயே கருகிப்போனார். மற்ற எண்பது பேரும் தப்பினார்கள். பாதுகாப்பு வார விழாவின் குழுப்படத்துக்காக அவர்கள் வாசலில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகல் 2.10. இன்ஸ்பெக்டர் அம்மா வந்தபோது தீய்ந்த சர்க்கரையின் வாசனை இன்னும் போகவில்லை. மேனேஜர் அதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். செத்தவர்தான். வசதியான ஏற்பாடு, எதிர்த்துப் பேசமாட்டார்.

"பீடி பத்த வச்சிருக்கான் மேடம். காத்துல சர்க்கரைத் தூசி சேர்ந்தா வெடிமருந்துக்குச் சமம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

ஆதாரமாக, கூடத்துக்கு வெளியே மாட்டியிருந்த செத்தவரின் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்த தீப்பெட்டி ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் மேசைமேல் இருந்தது. வந்தவர் எல்லாரும் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"தூசியை உறிஞ்சுற மெஷின்?"

"ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. ஒரு நிமிஷம் நிக்கல."

சுவரோரம் நின்ற செத்தவரின் மனைவி வாய் திறந்தாள். "அவரு பீடியைத் தொட்டதே இல்லைங்க. உங்கப்பன்தான் கொளுத்துனான்னு எம்பொண்ணுகிட்ட அதுக்குள்ள சொல்லிட்டாங்க." 'இல்லை' என்றபோது அவள் விரலும் காற்றைக் குறுக்கே வெட்டியது.

"கை ஏம்மா கூடவே பேசுது?"

"அவருகிட்டேருந்து ஒட்டிக்கிச்சுங்க. ஆலைக்குள்ள கத்துனாலும் கேக்காதாம், எல்லாம் ஜாடைதான். வீட்டுக்கு வந்தும் தண்ணி வேணும்னா கட்டைவிரலைத்தான் தூக்குவாரு."

மேனேஜர் பொறுமையிழந்து செல்போனை நீட்டினார். இரண்டாம் கூடத்திலேயே அவர் ஆற்றிய பாதுகாப்பு உரை, 11.08 முதல் 11.30 வரை. பதவிக்கேற்ற கனைப்பு, காகிதம் புரளும் சத்தம், "ஒவ்வொரு தொழிலாளியும் என் உயிர்" என்ற இடத்தில் கைதட்டல். பின்னால் அரவை மட்டும் மெல்ல முனகியது.

"ஒரு எழுத்து விடாம கேக்குது சார்."

மேனேஜர் நெகிழ்ந்துபோனார்.

இன்ஸ்பெக்டர் உறையைப் பிரித்துத் தீப்பெட்டியைத் தள்ளித் திறந்தார். குச்சி ஒன்றுகூட இல்லை. இரண்டு பஞ்சு உருண்டைகள்.

"காதுல வச்சுக்கிறதுங்க," என்றாள் அவள்.

3.05. சேதமில்லாத முதல் கூடம். அங்கிருந்த உறிஞ்சியும் அதே மாதிரிதான். போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மேனேஜரின் காதருகே குனிந்து, அதே உரையைப் பேசும்படி கத்தினார். மேனேஜரின் வாய் திறந்தது, மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. ஆலையின் எலக்ட்ரீஷியன் உறிஞ்சியை நிறுத்தினார்.

"உங்க குரல் எடுபடணும்னு இதை நிறுத்தியிருக்கீங்க. இது நின்னா அரவையும் தானா நிக்கணுமே. அந்த இணைப்பைக் கழட்டச் சொன்னது யாரு?"

எலக்ட்ரீஷியன் வாயைத் திறக்கவில்லை. பழக்கதோஷம். விரல் மட்டும் மேனேஜர் பக்கம் நீண்டது.

"அரை மணிக்கு மேல தூசி சேர்ந்திருக்கு. அதைப் பத்த வைக்க, சூடேறின பேரிங் ஒண்ணு போதும். படம் எடுக்கற அவசரத்துல திரும்பப் போடவும் சொல்லல. ஓடுற அரவைக்குக் காவலா அவரை மட்டும் விட்டுட்டுப் போனீங்க. டீ குடிச்சிட்டு வந்தவருக்கு இந்தப் பஞ்சு தேவைப்படல சார். அவ்வளவு அமைதி."

மேனேஜர் கனைத்தார். இம்முறை கைதட்டல் இல்லை.

விபத்து அறிக்கையில் 'வெடிப்புக்குக் காரணம்' என்ற கட்டத்தில் யாரோ எழுதியிருந்த 'பீடி'யை இன்ஸ்பெக்டர் அடித்தார். மேலே எழுதினார்: 'பாதுகாப்பு உரை. 22 நிமிடம்.' பிறகு அதைத் திருப்பி, மகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றவளுக்குப் படிக்கக் கொடுத்தார்.