சத்யராஜின் புள்ளி

மழைக்கு முந்திக்கொண்டு ஜரிகைக் கடையைச் சாத்திவிட்டு, நாலு மணிக்கே பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் காசிநாதன். சட்டையைக்கூட மாற்றாமல் மொட்டைமாடி அறைக்கு ஏறினார். அங்கேதான் அவருடைய அமெச்சூர் ரேடியோ நிலையம். சுற்றுவட்டாரத்து ரேடியோக்காரர்களின் வண்டிகளில் இருக்கும் டிராக்கர் பெட்டிகள் தாங்கள் இருக்குமிடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். அதை அவருடைய ஆன்டெனா பிடித்து இணையத்துக்கு அனுப்பும். வரைபடத்தில் வண்டிக்கு ஒரு புள்ளி. பக்கத்தில் சொந்தக்காரரின் அழைப்புக்குறி.

ரேடியோக்காரர்களுக்கு அந்தக் குறிதான் பெயர். ஆள் இறந்துவிட்டால் அதை வேறு யாரும் ரேடியோவில் பயன்படுத்துவதில்லை. எட்டு மாதத்துக்கு முன் வாலாஜாபாத் பாலாற்றுப் பாலத்தில் மணல் லாரி மோதி இறந்துபோன நண்பன் சத்யராஜின் டிராக்கரை, மகள் காவேரியின் ஸ்கூட்டரில் பொருத்தியிருந்தார் காசிநாதன். குறியை மாற்ற ஐந்து நிமிடம் போதும். மாற்றவில்லை. நண்பனின் பெயர் தினமும் ஏனாத்தூர் கல்லூரிக்குப் போய் வருவதைப் பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது.

இன்று அந்தப் புள்ளி பாலாற்றுப் பாலத்தில் நின்றது.

காவேரி கல்லூரி விட்டால் நேரே வீட்டுக்கு வருகிற பெண். காசிநாதன் போன் போட்டார்.

“எங்கம்மா இருக்கே?”

“ஏனாத்தூர்லதாம்பா. மழைக்கு பஸ் ஸ்டாப்புல ஒதுங்கிக்கினு இருக்கேன்.”

“வண்டி?”

“எதிர்லயே நிக்குதுபா.”

புள்ளி நகர்ந்தது. பாலத்தை விட்டு இறங்கி ஏனாத்தூர்ப் பக்கம் திரும்பியது.

காசிநாதன் குரலை அடக்கிக்கொண்டார். “சீட்டைத் தூக்கி அந்தக் கருப்புப் பெட்டி வயரைப் பிடுங்கிடும்மா.”

மழை இரைச்சல். சீட்டு மூடும் சத்தம்.

“பிடுங்கிட்டேம்பா. ஏம்பா?”

புள்ளி வந்துகொண்டேயிருந்தது. ஜன்னல் சாத்திய அறையில் ஈர மணலும் டீசலும் கலந்த வாடை அடித்தது.

நாலு கிலோமீட்டர்.

ஒன்று.

ஏனாத்தூர் நிறுத்தத்தில் புள்ளி நின்றது.

போனில் காவேரி கிசுகிசுத்தாள்.

“அப்பா... ஸ்டாண்டு போட்ட வண்டி அமுங்குதுபா. யாரோ ஏறுனாப்ல. சாவி என் கையிலதான் இருக்குது. இண்டிகேட்டர் எரியுதுபா.”

“கிட்டப் போகாதே.”

அவருக்கு இருப்பது ஒரே பெண். ரேடியோ மைக்கை எடுத்து, எட்டு மாதமாகக் கூப்பிடாத அந்தக் குறியை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

“சத்யராஜு... உன் பேரை எடுத்தவன் நான்தாம்பா. தப்புதான். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. விட்டுடு.”

ரேடியோ ஸ்பீக்கரின் இரைச்சல் சட்டென்று நின்றது. மறுமுனையில் யாராவது மைக்கின் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசாமலிருந்தால்தான் அப்படி நிற்கும்.

புள்ளி அணைந்தது.

“வண்டி எழும்பிடுச்சுபா,” என்றாள் காவேரி அழுதபடி. “பஸ் வந்துக்கினு இருக்குது.”

“வண்டி அங்கேயே கிடக்கட்டும். நீ ஏறிடும்மா. போனை வெக்காதே.”

கண்டக்டரின் விசில் கேட்டது. பஸ் கிளம்பிவிட்டது. காசிநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன்னுடைய ரேடியோக்கள் அத்தனையையும் அணைத்தார். கணினியில் வரைபடம் மட்டும் திறந்திருந்தது.

ஏனாத்தூரிலிருந்து புதிதாக ஒரு புள்ளி கிளம்பியது. பஸ் வேகத்தில் காஞ்சிபுரம் நோக்கி வந்தது.

பக்கத்தில் காசிநாதனின் அழைப்புக்குறி.

“அப்பா,” என்றாள் காவேரி, மிக மெதுவாக. “முன் சீட்டுல நீ உக்காந்துக்கினு இருக்கியேபா.”