சால்வையை விழுங்கிய மிஷின்!

"ஆ...!"

அலறியது அவர்தான்.

அலற வைத்ததும் அவரேதான்!

கிளை அரைக்கும் அந்த மிஷினை வாடகைக்கு விட்டவர், காலையில் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சார், கண்ணாடி போடுங்க. காதுக்கு அடைப்பு போடுங்க. தொங்கற துணி எதுவும் உடம்புல இருக்கக் கூடாது. கிளையோட நுனியைக் காட்டினா போதும், அதுவே இழுத்துக்கும். கையை உள்ளே விடாதீங்க. சிக்கினா முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க... அப்புறம் கடவுளைக் கூப்பிடுங்க."

நம்மவர் கண்ணாடி போட்டார். காதடைப்பு மாட்டினார்.

கழுத்தில் மட்டும் ஒரு சிவப்புச் சால்வை தொங்கியது.

மனைவியின் சால்வை. குளிருக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நம்பர் தெரியவில்லை, கண்ணாடி முழுக்க ஆவி. ஒரு காதடைப்பைத் தள்ளிவிட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு, "ஹலோ..." என்றபடி கிளையோடு குனிந்தார்.

கிளை உள்ளே போனது.

கிளையோடு சால்வையின் நுனியும்!

"ஆ...!"

முழங்காலால் நிறுத்தும் கம்பியை இடித்தார். சால்வை கழுத்தை உரசிக்கொண்டு உருவிப் போனது. கூடவே போனும் போனது. மிஷின் ஒரு முறை பல்லைக் கடித்து, மறுபுறம் சிவப்பாகத் துப்பிவிட்டு நின்றது.

பக்கத்து வீட்டுச் சுவர் முழுக்கச் சிவப்பு!

படார் என்று ஒரு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர். தெருவில் அவருக்கு ஜன்னல்காரர் என்றே பெயர்.

"என்ன சார் இது... செவப்பா?"

அங்கேதான் நம்மவருக்கு நாக்கில் சனி.

"ஒண்ணுமில்லை சார்... வீட்டுக்காரியை அரைச்சேன்!"

ஜன்னல் மூடிக்கொண்டது.

சற்று நேரத்தில் வாசலில் ஜீப்!

பெண் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால் ஒரு தொப்பை, அதன் பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"இந்த வீட்டுல ஒரு அலறல், மிஷின் சத்தம், கொலைன்னு கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு பொம்பளை அழுதுக்கிட்டே சொல்லியிருக்காங்க. பாதியில லைன் கட். அலறினது யாரு?"

"நான்தான் மேடம். குரல் வளம் எப்படி?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"உங்க மனைவி எங்கே?"

"உள்ளே... தூங்கறா."

"மழைக்காலத்துலேர்ந்து தூங்கறாங்க மேடம்!" ஜன்னல் மறுபடி திறந்தது. "எப்போ கேட்டாலும் தூங்கறா, குளிக்கறா, சாமி கும்பிடறாம்பார். நான் அந்தம்மாவைக் கண்ணால பார்த்தே மாசக்கணக்காச்சு. இப்போதான் அரைச்சேன்னு அவர் வாயாலேயே சொன்னார்!"

இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று உள்ளே போனார்.

மேஜையில் இரண்டு டீ கப். ஒன்று காலி, ஒன்றில் ஆடை படிந்த டீ. வாசலில் பெண்கள் செருப்பு, தூசு தட்டி நேராக வைத்தபடி. குளியலறையில் இரண்டு பிரஷ்.

படுக்கை காலி!

"சார்... இனிமே விளையாட்டு வேண்டாம். அவங்க எங்கே?"

அவர் அந்த ஆறிய டீயைப் பார்த்தபடி நின்றார்.

"போயிட்டா மேடம். அவ அண்ணன் வீட்டுக்கு."

"எதுக்கு?"

"ரயில்வே ஸ்டேஷன்ல விசாரணை கவுண்ட்டர்ல வேலை பார்த்தேன். எந்த வண்டி, எந்த பிளாட்பாரம்... ஊருக்கெல்லாம் நேரா பதில் சொன்னேன். வீட்டுல மட்டும் வாயைத் திறந்தா கிண்டல். 'சமையல்கட்டு இருட்டா இருக்கு, அந்தக் கிளையை வெட்டுங்க'ன்னா, 'உன் முகம் தெரியாத வரைக்கும் நல்லது'ம்பேன். ஒரு நாள், 'நான் உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?'ன்னு கேட்டா. 'டோக்கன் போட்டுட்டு வரிசையில நில்லு'ன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"பெட்டியை எடுத்தா."

"அதுக்கு எதுக்கு சார் ரெண்டு டீ?"

"ஒரு கப் போட்டா வீடு ரொம்ப அமைதியா இருக்கு மேடம்."

இன்ஸ்பெக்டர் அந்த டீ கப்பை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு குரலை இறுக்கிக்கொண்டார்.

"அண்ணன் நம்பர் சொல்லுங்க."

"போன்லதான் இருந்தது. அந்தப் போன்..."

"போன்?"

"மிஷின்ல."

"வசதியா இருக்கே! யார்கிட்டே பேசிட்டிருந்தீங்க?"

"கிரெடிட் கார்டு பொண்ணா இருக்கும். எனக்குப் போன் பண்றது அது ஒண்ணுதான். கார்டு வேணாம்மா, நீ சாப்பிட்டியான்னு கேட்பேன்."

தோட்டத்திலிருந்து கான்ஸ்டபிளின் குரல்.

"மேடம்! உள்ளே ஏதோ செவப்பா சிக்கியிருக்கு... எடுத்துடறேன்!"

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

கான்ஸ்டபிளின் கை மிஷின் வாய்க்குள்! தொப்பை, ஓட்டும் கைப்பிடியின் மேல்!

பிளக்... இன்னும் சுவரில்!

"யோவ்... கையை எடுய்யா!"

இன்ஸ்பெக்டரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். தாவினார். ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு... பிளக்கோடு அவரும் மண்ணில் விழுந்தார்.

டக்!

கைப்பிடி இறங்கியது. மிஷின் அசையவில்லை.

கான்ஸ்டபிள் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கொலைகாரன் போலீஸ்காரன் கையைக் காப்பாத்துவானா?" இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீங்க யாரையாவது விட்டுப் போன் பண்ணச் சொன்னீங்களா?"

"ஐயோ, இல்லை மேடம்! நான் கட்டிலுக்கு அடியில இருந்தேன்!"

"அப்போ கன்ட்ரோல் ரூமுக்குப் பேசின பொம்பளை யாரு?"

வாசலில் ஓர் ஆட்டோ கிறீச்சிட்டது.

"ஐயோ... என்னங்க!"

செருப்பில்லாமல் ஓடி வந்தாள் ஒருத்தி. தலை கலைந்து... கண் வீங்கி...

"மேடம், நான்தான் போன் பண்ணினேன்! என் வீட்டுக்காரரை யாரோ... அண்ணி போன்லேர்ந்து கூப்பிட்டேன்... ஹலோன்னார்... அலறினார்... மிஷின் சத்தம்... அவர் உடம்பு எங்கே மேடம்?"

தேடப்பட்ட மனைவி!

"உடம்பு இங்கே... உட்கார்ந்திருக்கு." கான்ஸ்டபிள் கை நீட்டிக் காட்டினார்.

அவள் பார்த்தாள். முகமெல்லாம் மண், தலையில் மரத்தூள், கையில் பிளக்.

அப்படியே பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து, அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"எதுக்குக் கூப்பிட்டே?" என்றார் அவர்.

"என் செவப்புச் சால்வையை எடுத்து வைங்க, வந்து வாங்கிட்டுப் போறேன்னு சொல்லத்தான்."

அவர் சுவரைக் காட்டினார்.

"அது... அங்கே இருக்கு. அங்கேயும் இருக்கு."

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். கிளை இருந்த இடத்தில் வானம் இருந்தது. சமையல்கட்டு ஜன்னலில் வெயில்.

கிண்டல் ஒன்று அவர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"நீ வேணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். இப்போ நீ சொல்லு. போயிடுவியா... இருப்பியா?"

பக்கத்து வீட்டு ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது.

"இருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் மிஷினைப் பார்த்தாள்.

"இதை நாளைக்கும் வாடகைக்குச் சொல்லுங்க. உங்க ஜோக்கு நிறைய பாக்கி இருக்கு... அரைக்கணும்!"