வெண்குடை பூத்த வனம்

மேற்கு மலைமுடிகளில் குங்குமக் குழம்பாய் வழிந்துகொண்டிருந்த அந்தி ஒளி மறைவதற்கு முன்பே, கீழ்வானில் ஆவணிப் பௌர்ணமியின் முழுமதி எழுந்துவிட்டது. பாதிச் செம்மையும் பாதி வெண்மையுமாகச் சுழித்தோடிய தேனாற்றின் தென்கரையில், மழையில் ஊறிக் கனத்த நூற்றுக்கணக்கான கூடாரங்கள் வரிசை வரிசையாய் நின்றன. வடகரையிலோ, முகில்கள் உரசும் உயரத்தில், எழிற்குன்றக் கோட்டை தொண்ணூறு நாள் முற்றுகையைத் தாங்கியபடி இருண்டு கிடந்தது.

அன்புள்ள வாசகர்களே! இந்த முற்றுகை எவ்வாறு முடிந்தது என்பதை அறிய வேண்டுமானால், சேனாபதியின் கூடாரத்துக்குப் போவதைவிட, அதோ காட்டுப் பாதையில் இறங்கி வரும் இருவரைப் பின்தொடர்வதே நல்லது.

முன்னால் வந்தவள் நீலை. மலைக்குடித் தலைவர் காடனின் ஒரே மகள். சமவெளியிலிருந்து வரவேண்டிய தானிய வண்டிகள் சேற்றில் அமிழ்ந்துபோனதால், பாசறைக்குக் காட்டு உணவு தேடித் தரும் பொறுப்பு மலைக்குடிகளின் தலையில் விழுந்திருந்தது. மழைக்காலத்தில் காட்டில் கிடைப்பதெல்லாம் கிழங்கும் காளானும்தான். சேனாபதி கடம்பரையர் எச்சரிக்கை மிகுந்தவர். "காளானில் நஞ்சும் உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறோம். மகள் பறித்து வருவதைத் தகப்பன் முதலில் உண்ணட்டும்" என்று கட்டளையிட்டுக் காடனைப் பாசறையிலேயே நிறுத்திக்கொண்டார்.

பின்னால் கூடையைச் சுமந்து வந்த வாலிபன் சேந்தன், அவளுக்குக் காவலாக நியமிக்கப்பட்ட படைவீரன். முதல் சில நாட்கள் கையில் வேலுடன் பத்தடி தள்ளி நடந்தவன், பிறகு வேலை மரத்தில் சாய்த்துவிட்டு அவளோடு குனிந்து சருகுகளை விலக்கத் தொடங்கினான். நாற்பது நாட்களில் அவர்களுக்கிடையே என்ன வளர்ந்தது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. "போர் முடியட்டும், நீலை. உன் தந்தையிடம் பெண் கேட்டு வருகிறேன்" என்று அவன் சொல்லியிருந்தான். அவளும் நம்பியிருந்தாள்.

பத்து நாட்களுக்கு முன் இடியிடித்துப் பெய்த மழைக்கு மறுநாள், கறையான் புற்றின்மீது முளைத்திருந்த காளானை அவள் அவனுக்குக் காட்டினாள்.

"இதன் உச்சி கூம்பியிருக்கிறது, பாரும். விரலால் மெல்லத் தோண்டினால் தாள் வேரைப்போல் நீண்டு புற்றுக்குள்ளே இறங்கும். இதை அச்சமின்றி உண்ணலாம்."

சற்றுத் தொலைவில், ஒரு மரத்தடியின் இருட்டில், அரசர்களின் கொற்றக்குடைபோல் வெள்ளை வெளேரென்று வேறொன்று நின்றது. சேந்தன் அதை நோக்கிக் கை நீட்டினான்.

"தொடாதீர்! அது வெண்குடை. கழுத்தில் மெல்லிய ஆடைபோல் ஒரு வளையம் இருக்கிறது அல்லவா? அடியில் மண்ணை விலக்கினால், கிழிந்த பைபோல் ஓர் உறையும் இருக்கும். அந்த உறையை மண்ணிலேயே விட்டுவிட்டு மேலே அரிந்து எடுத்தால், நறுக்கிய பிறகு நாங்களே ஏமாந்துபோவோம். என் தாய் அப்படித்தான் ஏமாந்தாள்."

"உண்டவுடன் மயக்கம் வருமோ?"

"வராது. சுவையாகவே இருக்கும். ஓர் இரவு கழிந்த பிறகுதான் வயிறு புரட்டும். அதற்கு அடுத்த நாள், எல்லாம் சரியாகிவிட்டதுபோல் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார்கள். பிறகு கண் மஞ்சளித்துச் சாவார்கள். மருந்து கிடையாது."

சேந்தன் அந்த வெண்குடையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். இறந்துபோன அவளுடைய தாயை எண்ணித்தான் அவன் வருந்துகிறான் என்று கருதிய அந்தப் பேதைப் பெண், ஆறுதலாக அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

அந்தப் பௌர்ணமி மாலையில் வழக்கம்போல் நீலை பாசறையிலிருந்த தந்தையின் குடிசைக்குத் திரும்ப, சேந்தன் கூடையை மடைப்பள்ளிக்குக் கொண்டுபோனான். படைத் தலைவர்கள் பதினொருவருக்கும் அன்று சேனாபதி விருந்தளித்தார். எல்லோர் முன்னிலையிலும் காடன் முதல் கவளத்தை உண்டார்.

"உப்பு சற்றே குறைவு. மற்றபடி குறையில்லை, ஐயா!" என்று சிரித்தார் கிழவர்.

இரண்டு நாழிகை காத்திருந்து பார்த்தார்கள். காடனுக்கு ஒன்றும் நேரவில்லை. பிறகு சேனாபதியும் தலைவர்களும் வயிறார உண்டார்கள். வாயிலில் நின்ற சேந்தன் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது புலர்ந்ததும் அந்தப் பதின்மூன்று பேரும் வாந்தியால் சுருண்டு விழுந்தனர். ஆற்றின் புதுவெள்ளத்தைக் குடித்ததால் வந்த நோய் என்றார் வைத்தியர். நீலை மட்டும் நேற்று நடந்த பாதையில் திரும்பி ஓடினாள். சுனையில் நீர் மொண்டுவரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டுச் சேந்தன் தனித்திருந்த இடத்தில், மூங்கில் புதரின் பின்னே, மண்ணில் பதினெட்டு வெண்ணிற உறைகள் வாய் பிளந்து கிடந்தன. ஒவ்வொன்றும் கத்தியால் அரியப்பட்டிருந்தது. காளான் பறிக்க மலைக்குடிகள் ஒருபோதும் கத்தி எடுப்பதில்லை.

மறுநாள் எல்லோரும் தேறினார்கள். காடன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

"பார்த்தாயா, அம்மா, வெறும் வயிற்றுக் கோளாறுதான்! அந்தப் பிள்ளையாண்டான் எங்கே? உன் விஷயத்தை இன்றைக்கே பேசி முடித்துவிடுகிறேன்" என்றார்.

நீலை கஞ்சிக் கலயத்தை நீட்டிவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை நிறுத்திவைக்கப் பெரும்பாடு பட்டாள். சேனாபதியிடம் உண்மையைச் சொல்லலாம். ஆனால் சொல்லி யார் பிழைக்கப் போகிறார்கள்? மாலைக்குள் மலைக்குடிகளின் ஊர்கள்தாம் எரியும்.

அந்தி சாயும் வேளையில் அவள், தானும் சேந்தனும் வழக்கமாகச் சந்திக்கும் ஆற்றங்கரை நாணல் புதருக்குள் நுழைந்தாள். எதிர்பார்த்தபடியே சேந்தன் அங்கே இருந்தான். அவன் அமர்ந்திருந்த பரிசல் நீரில் மிதந்தது. அதன் கயிறு கரைமரத்தில் கட்டப்பட்டிருந்தது.

"வந்துவிட்டாயா, நீலை! உனக்காகவே இத்தனை நேரம் காத்திருந்தேன். ஏறு."

"மூங்கில் புதரின் பின்னே போய்ப் பார்த்தேன்" என்றாள் அவள்.

அவன் முகம் வெளிறியது. இடைக்கச்சையிலிருந்து அவன் எடுத்த முத்திரை மோதிரத்தில் எழிற்குன்றத்து யானை இலச்சினை மின்னியது.

"நான் சேந்தன் அல்லன். எழிற்குன்ற மன்னரின் தம்பி வேண்மான். கோட்டைக்குள்ளே குழந்தைகள் புளியங்கொட்டையை இடித்துத் தின்கிறார்கள். என் அண்ணன் மகளைப் புதைத்துவிட்டுத்தான் மதிலிறங்கி வந்து, பெயரை மாற்றிக்கொண்டு இந்தப் படையில் சேர்ந்தேன். வாளெடுத்துப் போரிட எங்களிடம் ஆளில்லை, நீலை. தலைவர்கள் மாண்டால் இந்தப் படை தானே கலைந்துவிடும், முற்றுகையும் முடியும். வேறு வழி இருந்தால் நீயே சொல்!"

"என் அப்பா முதலில் உண்பார் என்று உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவர் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அவர் உண்ணாவிட்டால் சேனாபதியும் உண்டிருக்கமாட்டார்" என்றான் வேண்மான். பிறகு, "உன்னிடம் நான் கொண்ட காதல் பொய்யன்று" என்றான்.

"நம்புகிறேன். பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன்."

தொலைவில் காவலர்களின் தீவட்டிகள் தெரிந்தன. நீலை மரத்தருகே சென்று பரிசலின் கயிற்றை அவிழ்த்தாள்.

"நான் கூவினால் உம்மைக் கழுவில் ஏற்றுவார்கள், சேனாபதி சாவதற்குமுன் வேறு தலைவர்களை நியமித்துவிடுவார், கோட்டைக்குள் இருக்கும் குழந்தைகளும் பசியால் சாவார்கள். அவர்களுக்காக விடுகிறேன். ஆனால் இந்த ஆற்றின்மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன், கேளும். நீர் அரண்மனையில் இருந்தாலும் ஆண்டியாகத் திரிந்தாலும், உமக்குப் படைக்கப்படும் உணவில் என் கை பட்டிருக்கும் நாள் ஒன்று வரும். நாளையா, முப்பது ஆண்டு கழித்தா, அது எனக்கு மட்டுமே தெரியும். அதுவரை ஒவ்வொரு கவளத்தையும் அஞ்சி அஞ்சி விழுங்கும். விழுங்கிவிட்டு, மூன்று நாள் விழித்துக் கிடந்து பாரும்!"

வேண்மான் கரையை நோக்கிக் கை நீட்டினான். அதற்குள் வெள்ளம் பரிசலை இழுத்துக்கொண்டது. சுழன்று சுழன்று அது வடகரை இருளில் மறையும்வரை அவன் அவளைப் பார்த்துக்கொண்டே போனான்.

"யாரங்கே?" என்று கரைமேலிருந்து காவலன் அதட்டினான்.

"ஒருவருமில்லை, ஐயா. காடன் மகள்தான்" என்று சொல்லிவிட்டு, நீலை பாசறையை நோக்கி வேகமாக நடந்தாள். அவளுடைய தந்தைக்கு இன்னும் ஒரு நாள் மீதமிருந்தது. அதில் ஒரு நாழிகையைக்கூட வேறெங்கும் செலவிட அவளுக்கு மனம் வரவில்லை.