ஆம்ப்ரோஸின் திராவகத் தொட்டி

1944, ஜூலை. காலை ஆறு மணிக்கு அடையாற்றங்கரைக் கொட்டகையைத் திறந்தவர்கள், ஆம்ப்ரோஸை இரும்புத் தொட்டியின் அடியில் கண்டார்கள். திராவகம் அவர்மேல் கொட்டியிருந்தது. கை மட்டும் வடிகுழாயின் திருகை விடவில்லை.

பாவம், அந்தத் தொட்டிக்காகவே உயிரை விட்டு உழைத்த மனிதர். பர்மா எண்ணெய்க் கிணறுகளில் திராவகத் தொட்டி ஒழுகிக் கூட்டாளிகள் வெந்து செத்ததைப் பார்த்தவர். உள்ளே ரப்பர் ஒட்டி, ஒழுகாத தொட்டி ஒன்று செய்தார். அதை அசாம் கிணறுகளுக்கு விற்கப் பேசி முடித்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

போலீசுக்கு ஆள் தயாராக இருந்தான். முந்தின நாள் சாயங்காலம் ஆம்ப்ரோஸ், ஃபிட்டர் வேம்புவைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதைத் தெருவே பார்த்தது. அந்த ஆத்திரத்தில் தொட்டியில் ஓட்டை போட்டான் என்று லாக்கப்பில் அடைத்துவிட்டார்கள். குற்றம் உறுதியானால் தூக்குக் கயிறுதான்.

இன்ஸ்பெக்டர் வேதாந்தத்துக்கு மனம் ஒப்பவில்லை. லாக்கப்பில் வேம்புவிடமே கேட்டார்.

"ஏண்டா தள்ளினார்?"

"தெர்ல சார். தொட்டியச் சுத்திப் பாத்துக்கினே வந்தாரு. திடீர்னு மூஞ்சி வெளுத்துப்பூட்ச்சி. 'ஓட்றா, இங்க நிக்காத'ன்னு தள்ளிட்டாரு."

மந்தைவெளி வீட்டில் ஆம்ப்ரோஸின் மனைவி கிளாடிஸ், கொட்டகையில் கிடந்த ஒரு சின்ன இரும்புச் சிலுவையை நீட்டினாள்.

"தொட்டில இருந்தது சார். பாவி, இதக்கூடப் பேத்துப் போட்டுட்டான்."

வேதாந்தம் அதைத் திருப்பினார். பின்னால் தொட்டியின் தகடு ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதன் விளிம்பு காகிதமாய் மெலிந்திருந்தது. கொட்டகையில் அவர் பார்த்த தொட்டியின் ஓட்டையும் வெளியே சிறியது, உள்ளே பெரியது.

"இது யாரும் போட்ட ஓட்டை இல்லம்மா. திராவகம் உள்ளேந்து தின்னது. சிலுவையை யார் வெச்சா?"

"நான்தான். அவருக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு ஃபாதர்கிட்ட மந்திரிச்சு வாங்கினேன். அவரு அசாம் போயிருந்தப்போ, வேம்பு திராவகம் ரொப்பறதுக்கு முந்தி, பட்டறை ஆளக் கூட்டியாந்து வெல்டிங் பண்ணி ஒட்ட வெச்சேன்."

இதை அவளிடம் சொல்லாமல் விடத்தான் வேதாந்தம் நினைத்தார். ஆனால் மறைத்தால் வேம்பு தொங்குவான்.

"வெளியே வெச்ச நெருப்பு உள்ளே ரப்பரைக் கருக்கிடுத்தும்மா. சிலுவையைப் பாத்ததுமே அவர் புரிஞ்சுண்டுட்டார். வேம்பு பிழைக்கட்டும்னுதான் துரத்தினார். தான் தனியா நின்னு தொட்டியைக் காலி பண்ணப் பாத்தார். அதுக்குள்ள தகடு விட்டுடுத்து."

"அப்போ நான்தான் கொன்னேன்."

"சட்டத்துல அப்படி இல்லம்மா."

"அப்போ எனக்கு யாரு சார் தண்டனை குடுப்பாங்க?"

வேதாந்தம் சிலுவையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார்.

விடுதலையான வேம்பு நேரே கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினான். ஆம்ப்ரோஸின் குழியில் மண் போடக் கிளாடிஸுக்குக் கை எழவில்லை. வேம்புதான் அந்தக் கையைப் பிடித்துப் போட வைத்தான்.