விளிம்பைத் தாண்டிய தோல்

கட்டைப் பிரித்தபோது நாற்றம் வரவில்லை.

ஓராண்டுக்கும் மேலாக அப்பாவின் அழுகிய காலின் நாற்றம்தான் வீட்டின் வாசனை. கதவைத் திறந்தவுடன் அதுதான் முதலில் வந்து வரவேற்கும். தலையணையில், துவைத்து மடித்த துணியில், அவள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டில்கூட அது ஏறியிருக்கும். இப்போது, மழை பிடித்துக்கொண்டு விடாத ஞாயிற்றுக்கிழமை மாலையில், கட்டிலடியில் முட்டி போட்டு உட்கார்ந்து உள்கட்டின் கடைசிச் சுற்றை அவள் உரித்தபோது எழுந்தது வேறொரு வாசனை. பிறந்து இன்னும் கண் திறக்காத குழந்தையின் உச்சந்தலை வாசனை.

புண் மூடியிருந்தது. எலும்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குழியின் மேல் இளஞ்சிவப்பாக, மழமழவென்று, ஒரு ரேகைகூட இல்லாத தோல். அவள் சிரித்திருக்க வேண்டும். வாய் பாதி விரிந்தும்விட்டது. அப்போதுதான் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டு அல்ல. ஒன்றாகவே. நகமும் இல்லை.

"மூடிடுச்சா?" என்று குரலை உயர்த்திக் கேட்டாள் அம்மா. அறை வாசலில் நின்று, அலசிய கட்டுத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நீ வாய மூடு. டாக்டரம்மாவே சொல்லட்டும்" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். டிவி தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது.

அம்மா ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதட்டல் விழும்போதெல்லாம் அந்தக் கை தானாக வாய்க்குப் போகும்.

மகள் டாக்டர் இல்லை. அது அவருக்கும் தெரியும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளைக் குத்த அவருக்குக் கிடைத்த ஊசி அது. அவளுக்கு வேலை தோல் வளர்க்கும் ஆய்வகத்தில். பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் சின்ன அறுவையில் கழித்துப்போடும் துண்டுத் தோலிலிருந்து செல்களைப் பிரித்து, தட்டில் விதைத்து, சிவப்பு ஊட்டநீரை மாற்றி மாற்றி ஊற்றி, மெல்லிய ஏடாக வளர்த்தெடுப்பார்கள். சர்க்கரை நோயாளியின் ஆறாத புண்ணில் அதை வைத்தால், செத்துக் கிடக்கிற சதை விழித்துக்கொண்டு மூட ஆரம்பிக்கும். அந்த ஏட்டுக்கு அங்கே செல்லப்பெயர் பாப்பா. 'பாப்பாவுக்குப் பால் ஊத்தியாச்சா' என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் உள்ளே நுழைவார்கள்.

பாப்பாக்கள் நல்ல பிள்ளைகள். பக்கத்துச் செல்லைத் தொட்டதும் வளர்வதை நிறுத்திவிடும். தட்டின் சுவரைத் தொட்டாலும் நிற்கும். ஒன்று மட்டும் நிற்கவில்லை. சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, மூடியின் உட்புறம் முழுக்கப் படர்ந்திருந்தது. பிளீச் ஊற்றிக் கொன்று எரித்துவிடும்படி மேற்பார்வையாளர் அவளிடம்தான் சொன்னார். கூட வேலை செய்தவர்கள் அதற்கு அடங்காப்பிடாரி என்று பெயர் வைத்தார்கள். சின்ன வயதிலிருந்து வீட்டில் அவளுக்கு இருந்த பெயரும் அதுதான்.

அவள் எரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் புண்ணில் வைத்தாள். மூடவே மறுக்கும் புண்ணுக்கு நிற்கவே மறுக்கும் தோல். படித்த புத்தி அப்படித்தான் கணக்குப் போட்டது.

பாசத்தில் செய்தாள் என்று யாரும் உருக வேண்டாம். அம்மாவின் விலாவில் மிதித்த கால் அது. அடுப்படி மூலையில் சுருண்டு கிடந்த அம்மாவின் வயிற்றைத் தேடிப் போய் உதைத்த கால். அது அழுகியபோது அவளுக்கு அழுகை வரவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், இந்த வாரமே வந்துவிடுங்கள் என்று சர்ஜன் சொன்னபோது, அந்தக் கனத்த உடம்பைக் கட்டிலுக்கும் கக்கூசுக்குமாக அம்மா ஆயுசு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைவது கண்ணுக்குள் ஓடியது. அம்மா தப்பிக்க வேண்டும். அதற்கு அந்த ஆள் சொந்தக் காலில் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

"என் கைவெடிப்புகூட ஆறிடுச்சுடி" என்றாள் அம்மா, பொத்திய கைக்குள்ளிருந்து. "உன் மருந்து ராசியான மருந்து."

சோப்புத்தூள் தின்று பிளந்த விரல்கள் அம்மாவுடையவை. மேல்கட்டைத் தினமும் மாற்றி அலசியது அம்மாதான். மகள் கையுறை கொடுத்திருந்தாள், அதைப் போட்டால் அலசின மாதிரியே இல்லை என்று அம்மா அதை ஆணியில் மாட்டிவிட்டாள்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தோலின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். புதுத்தோல் முடிந்து பழைய தோல் தொடங்கும் கோடு எங்காவது இருக்கத்தானே வேண்டும். கணுக்காலில் இல்லை. கெண்டைக்காலில் முடி இல்லை, பழைய தழும்பு இல்லை, நரம்பு முடிச்சு இல்லை. முழங்கால் மடிப்பு நிரவிப் போயிருந்தது. அப்பாவின் சட்டையை மேலே தூக்கினாள். தொப்புள் இல்லை. அந்த இடம் கழுவிக் கவிழ்த்த கிண்ணம் போல வழுவழுவென்று மின்னியது.

விரலால் அழுத்தினாள். "இங்க தொட்டா தெரியுதா?"

டிவிக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. அப்பா மெதுவாகத் திரும்பினார்.

"தொட்டியா?"

மின்சாரம் போனது.

டிவி செத்த அந்த நொடியில் மழையின் சத்தம் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. ஓட்டை அடைத்த குழாயில் காற்று நுழைவது போல, மழைக்குள் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அப்பாவின் மூக்கு.

"கரண்டு வந்தா சவுண்டக் கூட்டுடி" என்றார் இருட்டுக்குள்ளிருந்து. "காலைலேர்ந்து ஒரு எழவும் சரியாக் கேக்கல."

அம்மா மெழுகுவர்த்தி தேடி அடுப்படிக்குப் போவது கேட்டது. அவள் போனின் விளக்கை ஏற்றி அப்பாவின் முகத்தில் பிடித்தாள்.

காது மடல் இருந்தது. காதின் துளை இல்லை. மேளத்தில் இழுத்துக் கட்டியது போலத் தோல். மூக்கில் ஒரு துவாரம் மூடியிருந்தது. மற்றதில் ஊசி நுழையும் இடம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடுகளின் இரு ஓரங்களும் நடுவை நோக்கி நகர்ந்தன. அவசரமில்லாமல். பால் ஆறும்போது ஆடை படிவது போல.

புண் எது, வாய் எது என்று அதற்குத் தெரியாது. திறந்திருப்பதெல்லாம் அதற்குப் புண்.

கட்டு வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு அவர் அறிந்த ஒரே பதில் வந்தது. உதைத்தார். ஆறிய காலால். நெஞ்சில் இறங்கியது. அலமாரியில் முதுகு மோதி விழுந்தாள். உள்ளே ஏதோ ஒடிந்த சத்தத்தை உள்ளிருந்தே கேட்டாள். நல்ல பலம். நன்றாகத்தான் ஆறியிருந்தது கால்.

விசில் நின்றுபோனது.

அப்பா தொண்டையைப் பிடித்துக்கொண்டார். கட்டில் ஆடியது. கண்கள் பிதுங்கின. அவற்றின் ஓரமும் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஊர்ந்து போய் அவர் மார்பில் முட்டியை ஊன்றினாள். வாய் இருந்த இடத்தில் ஒரு கீறல் மிச்சம். கத்தரிக்கோலின் முனையை அதில் நுழைத்தாள். வெட்டினாள். வெட்டு கன்னம் வரை போய்விட்டது. ரத்தம் அவள் முகத்தில் அடித்தது. சூடு. பல்வரிசை மொத்தமும் தெரிந்தது. அப்பா காற்றை உறிஞ்சினார்; பிறகு ஊளையிட்டார்.

ரத்தம் நின்றது. தானாக. வெட்டின் இரு கரைகளும் ஒன்றையொன்று தேடின.

மறுபடி வெட்டினாள். மூடியது. வெட்டினாள். மூடியது. கத்தரிக்கோல் சதைக்குள் சிக்கிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. விட்டுவிட்டு விரல்களைத் திணித்தாள். கன்னத்தைப் பிரித்துப் பிடித்தாள். அப்பா கடித்தார். எலும்பு வரை. பிறகு கடி தளர்ந்தது. பல்லின் மேல் ஏதோ வழுவழுப்பாக ஏறியது. அவள் விரல்களின் மேலும்.

வலிக்கவில்லை.

கையை இழுத்தாள். அப்பாவின் தலையும் கூட வந்தது. மணிக்கட்டுக்கு மேலேதான் அவள் கை தெரிந்தது. அதற்குக் கீழே அப்பா.

அவர் மார்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. அப்புறம் தூக்கவில்லை.

"அம்மா, கத்தி எடுத்துட்டு வா" என்றாள். "என் கைய வெட்டணும்."

ஒரு குரலுக்கு ஓடி வருகிறவள் அம்மா, வரவில்லை. அடுப்படியில் பாத்திரம் ஒன்று உருண்டது. சுவரை உரசிக்கொண்டு காலடிச் சத்தம் வந்தது. தரையில் கிடந்த போனின் விளக்கு வாசலில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் அம்மா வந்து நின்றாள். ஒரு கையில் கத்தி. மற்ற கையால் வாயைப் பொத்தியிருந்தாள், எப்போதும் போல.

அழுகிறாள் என்றுதான் மகள் நினைத்தாள்.

"கைய எடும்மா. இனிமே யாரும் திட்ட மாட்டாங்க."

அம்மா கையை இழுத்தாள். கன்னமும் கூடவே வந்தது. கண்ணின் கீழிமை சரிந்து உள்சிவப்பு தெரிந்தது. இன்னொரு முறை இழுத்தாள். கத்தியைப் பிடித்திருந்த கையை மகளை நோக்கி நீட்டினாள். விரல்கள் என்று அதில் எதுவும் இல்லை. கைப்பிடி உள்ளே போய், அலகு மட்டும் வெளியே நின்றது.

கைக்கும் கன்னத்துக்கும் நடுவே பிரிக்கும் கோட்டை மகள் தேடினாள்.

இல்லை.

அம்மாவின் புறங்கை மட்டும் உள்ளிருந்து புடைத்தது, அடங்கியது, மறுபடி புடைத்தது. அதற்குப் பின்னால் அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.