கோட்டுக்கு மேல் தண்ணீர்

தொட்டியின் இடது மூலையில் அவள் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். சனிக்கிழமை காலையில் பார்த்தால், தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு விரல் உயரம் ஏறி நின்றது.

குனிந்து பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தாள். தொட்டித் தண்ணீர் நாளாக ஆகக் காய்ந்து குறையுமே தவிர, தானாக ஏறுமா? யாரோ ஊற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்த மனுஷன்தான். காலங்காத்தாலே அவளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

வீட்டுக்காரர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்தார்.

"தொட்டியில தண்ணி ஊத்துனீங்களா?"

"நான் எதுக்கு ஊத்தப் போறேன்?"

"குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தியிருக்கீங்க. அதுல இருக்கற குளோரினுக்கு உள்ள எல்லாம் செத்துப்போயிருக்கும். மூணு வாரமா நான் பட்ட பாடு பாழ்."

"என்னத்த சாகும்? உள்ளதான் ஒண்ணுமே இல்லையே!" என்று சிரித்துவிட்டு, "மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடற ஒரே ஆளு உலகத்துலயே நீதான்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து அறையிலிருந்து மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சிரிக்க அவருக்கு என்ன யோக்கியதை? போன வருஷம் மகளின் பிறந்தநாளுக்கு, ஒரு வார்த்தை கேட்காமல் கொள்ளாமல், உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்கமீன்களை வாங்கிக்கொண்டு வந்து நீட்டியவர் அவர்தானே. ஒன்பதே நாள். இரண்டும் வயிறு மேலே தெரிய மிதந்தன. அவற்றை எடுத்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டபோது பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. சுண்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவது, சுண்டுவிரல் அளவுக்குத்தான் பிறந்தாள். ஏழு வயதாகியும் போன வாரம் பள்ளியில் எடை பார்த்துப் பத்தொன்பது கிலோ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதற்கும் அவளுக்கு ஒரு கோபம் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வது என்று அவள் சபதமே எடுத்திருந்தாள். குடிநீர் ஆய்வகத்தில் பதினோரு வருஷமாகத் தண்ணீரைச் சோதித்துச் சீல் வைக்கிற கை அது. தனி நோட்டுப் போட்டாள். மூன்றடித் தொட்டி, நூற்றிருபது லிட்டர், இரண்டே இரண்டு தங்கமீன், அதற்கு மேல் கிடையாது. முதலில் ஆறு வாரம் மீனே இல்லாமல் தொட்டி ஓட வேண்டும். தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போட்டால் அது அழுகி அம்மோனியா ஆகும். அந்த அம்மோனியாவைத் தின்று வளரும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் ஸ்பாஞ்சில் குடியேறும். அவை குடியேறிய பிறகுதான் மீன். "நம்ம மீனோட கழிவை அதுங்க சாப்பிட்டுடும், அதனால மீன் சாகாது" என்று சுண்டுவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சுண்டு கண்ணைக் கொட்டாமல் கேட்டாள்.

ஒரே ஒரு குறுக்கு வழிதான் எடுத்தாள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் ஆறு வாரம் மூன்றாகக் குறையும். அதற்காகத்தான் மீன் கடைக்குப் போனது. கடைக்காரர் முன்வரிசைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க வந்தார். அவள் விடவில்லை. அந்தத் தொட்டி மீன்களின் துடுப்பில் வெள்ளைப் புள்ளி, ஸ்பாஞ்சோடு நோயும் சேர்ந்து வருமே! கடையின் பின்கட்டில், இருட்டு மூலையில், ஒரு பெரிய தொட்டி மட்டும் மீனே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மீன் இல்லையென்றால் நோயும் இல்லை. அவள் படிப்புக்கு அது சரியான கணக்குத்தான்.

"அதுலேர்ந்து குடுங்க."

"அது வேணாம் மேடம்."

"ஏன், செத்த தொட்டியா?"

"இல்ல இல்ல. தினமும் தீனி போட்டுட்டுத்தான் இருக்கேன்."

"அப்புறம் என்ன? நானும் அதையேதான் செய்யப் போறேன்."

அவர் மறுபடியும் வேண்டாம் என்றார். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறான் என்று அவளுக்குச் சுருக்கென்றது. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டுத்தான் அந்தத் துண்டை வாங்கினாள். கொடுக்கும்போது அவர் அதை வெறுங்கையால் தொடவில்லை, இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டார்.

சனிக்கிழமை சண்டைக்குப் பிறகு வீட்டில் ஒருவரோடொருவர் பேச்சில்லை. வெளியே விடாமல் மழை. தொட்டி இருந்த சின்ன அறையில் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்ததால் ஈரத் துணியும் பழைய பாசியும் கலந்த ஒரு வாடை வந்தது, அதற்கு அடியில் வேறொன்று, காய்ச்சல்காரர் படுத்து எழுந்த மெத்தையில் வருமே, அந்த வாடை. மோட்டார் ஒரே சீராக முனகிக்கொண்டிருக்கும்; திடீரென்று ஒரு நொடி அடைத்துக்கொண்டு திணறும்; மறுபடியும் ஓடும். தண்ணீர் வரும் வழியை எதுவோ மறைத்து நின்றுவிட்டு நகர்ந்த மாதிரி இருந்தது. அவள் மோட்டாரைக் கழற்றிக் கழுவினாள். சுத்தமாகத்தான் இருந்தது.

காலையில் போட்ட சிட்டிகைத் தீனி அழுகுவதற்கு நாளாகும். சாயங்காலம் பார்த்தால் ஒரு துகள் இல்லை. சோதனைக் குழாயில் நிறம் மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்குப் போயிருந்தது, அவ்வளவு அம்மோனியா. நம்பாமல் ஒரு புட்டி எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே போய்ப் பார்த்தாள். கூட வேலை பார்ப்பவள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வீட்டுல மீன் வளக்கறீங்களா, ஆடு வளக்கறீங்களா?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. கைநிறையத் தீனியை யாரோ அள்ளிக் கொட்டுகிறார்கள். அவர் இல்லையென்றால் சுண்டு. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அன்றோடு தீனியை நிறுத்தினாள். நிறுத்தினால் கள்ளம் தானாக வெளியே வந்துவிடும் என்று நினைத்தாள்.

இரண்டாம் நாள், சின்ன அறைக்குள் சுண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. எட்டிப் பார்த்தாள். பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கு தொட்டிக் கண்ணாடியில் பட, பாதி பிஸ்கட்டைத் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியே!"

பிஸ்கட் உள்ளே விழுந்தது.

"பசிக்குதாம், அம்மா" என்றாள் சுண்டு.

"யாருக்குடி பசிக்குது? உள்ள என்ன இருக்கு? சொல்லு, என்ன இருக்கு?"

சுண்டு தொட்டியைக் கை காட்டினாள். கோபத்தில் அவள் பிள்ளையைத்தான் பார்த்தாள், தொட்டியைப் பார்க்கவில்லை. திரும்பியபோது பிஸ்கட் மிதக்கவும் இல்லை, அடியில் கிடக்கவும் இல்லை. கரைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷத்தில் பிஸ்கட் கரையாது என்று அவளுக்குத் தெரியும். நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அன்றைக்கே கண்ணாடி மூடியைப் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். ஆய்வகத்தில் மாதிரிப் புட்டிக்குச் செய்வது போலவே டேப்புக்குக் குறுக்கே நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மேலே இரண்டு செங்கல் வைத்தாள். மோட்டார் ஒயர் போக மூடியில் வெட்டியிருந்த ஓரம் மட்டும்தான் திறப்பு, அதில் ஒரு விரல்தான் நுழையும்.

"இப்ப ஊத்துங்க, பாக்கலாம்" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார் அவர். இந்த முறை சிரிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கு மழை விடுமுறை. அவர் வேலைக்குப் போய்விட்டார். அவள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். மத்தியானம் மூன்றரை மணிக்குச் சின்ன அறைக்குள் போனாள்.

தண்ணீர் கோட்டுக்கு மேலே மூன்று விரல். மூடியைத் தொட இன்னும் ஒரே விரல்தான் பாக்கி. கண்ணாடியின் நடுவில், அவள் இடுப்பு உயரத்தில், ஒரு சின்ன உள்ளங்கையின் ஈரத் தடம். ஐந்து விரலும் விரித்து, அழுத்தி வைத்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. டேப்பைப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சுண்டுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இது யார் கை?"

"என்னுது இல்லம்மா."

"தண்ணி ஊத்துனியா இல்லையா?"

"ஊத்தலம்மா. அது பெருசாகுது."

"பொய். பச்சைப் பொய். அப்பனுக்குத் தப்பாத பொண்ணு." பிள்ளையைத் தூக்கி ஸ்டூலில் நச்சென்று உட்கார வைத்தாள். "உண்மையைச் சொல்ற வரைக்கும் இங்கயே உக்காரு. நான் சொல்லாம எந்திரிச்ச, அம்மா உங்கூடப் பேசவே மாட்டேன். ஆமா."

"அம்மா, இங்க வேணாம்மா. ஹால்ல உக்காந்துக்கறேன். அம்மா."

கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.  அந்தக் கோபத்தோடேயே மீன் கடைக்குப் போன் போட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். கெட்டுப்போன ஸ்பாஞ்சைக் கொடுத்து என் வீட்டை நாற அடித்துவிட்டீர்கள், அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன், கடைக்குச் சீல் வைக்கிறேன் பாருங்கள் என்றெல்லாம் பொரிந்து தள்ளினாள்.  அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"தீனிய நிறுத்திட்டீங்களா?"

"மூணு நாளாச்சு. ஏன்?"

போனில் அவர் கடை மோட்டார்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"வீட்ல குழந்தை இருக்கா மேடம்?"

"இருக்கா. அதுக்கென்ன?"

"எங்க இருக்கா?"

அவள் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"போய்த் தூக்குங்க. போங்க மேடம், போங்க!"

சின்ன அறையின் மோட்டார் நின்றிருந்தது. எப்போது நின்றது? மழைச் சத்தத்தில் தெரியவில்லை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், தரைக்கல்லின் இடுக்கு வழியாக, அவள் கால்விரல் வரைக்கும். இளஞ்சூடாக இருந்தது.

கதவைத் தள்ளினாள்.

ஸ்டூல் இருந்தது. ஸ்டூலுக்குக் கீழே செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தன. ஜன்னல் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இல்லை. கதவிடுக்கில் இல்லை.

"சுண்டு?"

மூடி மூடியபடியே இருந்தது. செங்கல் இரண்டும் வைத்த இடத்தில். டேப் ஒரு நூல் பிரியவில்லை. நாலு கையெழுத்தும் அவளுடையவை.

தொட்டி விளிம்பு முட்ட நிறைந்திருந்தது. ஒயர் போகும் ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். மண்டை வேண்டாம் வேண்டாம் என்றாலும் பழக்கப்பட்ட கணக்கைப் போட்டது. ஏறினது ஒரு விரல். தரையில் கிடப்பது ஒரு வாளி. எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது லிட்டர் வரும், பத்தொன்பது கிலோ.

புடவைத் தலைப்பால் அந்தக் கைத்தடத்தைத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. தடம் கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு தடம் விழுந்தது. அதைவிடச் சின்னது. அவளுக்குத் தெரிந்த கை.

"எந்திரிச்சு வாடி" என்றாள்.  "அம்மா திட்ட மாட்டேன். நீ பொய் சொல்லல. அம்மாவுக்குத் தெரியும், நீ சொல்லல. எந்திரி கண்ணு. அம்மாதானே சொல்றேன், எந்திரி."

மூடி ஒரு நூல் எழும்பியது. செங்கல் அசைந்தது. அவள் கையெழுத்துப் போட்ட டேப் விறைத்து, இழுபட்டு, பிரியாமல் நின்றது. மூடி மறுபடி உட்கார்ந்துவிட்டது.

அலறிக்கொண்டு செங்கலைத் தள்ளினாள். நகம் பிய்ய டேப்பைக் கிழித்தாள். மூடி தரையில் விழுந்து உடைந்தது. இரண்டு கையையும் உள்ளே விட்டாள். முழங்கை வரை. தோள் வரை. மூலை மூலையாகத் துழாவினாள். தண்ணீர். வெறும் தண்ணீர்.

பிறகு, அவளுடைய கட்டைவிரலை ஒரு கை பிடித்துக்கொண்டது. ரோடு தாண்டும்போது சுண்டு பிடிப்பாள், அதே மாதிரி, முழு விரலையும் சுற்றி. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தெளிந்த தண்ணீருக்குள் அவளுடைய கை மட்டும்தான் தெரிந்தது. கட்டைவிரலைச் சுற்றித் தோல் வெளுத்து அமுங்கியிருந்தது.

பிறகு மணிக்கட்டில் இன்னொரு கை. பெரியது. அதற்கு மேலே, முழங்கையில், மற்றொன்று.

அவள் கட்டைவிரலை உருவிக்கொள்ளவில்லை. ஸ்டூல் மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டாள். தொட்டி விளிம்பிலிருந்து தண்ணீர் மறுபடியும் வழியத் தொடங்கியது.