டேப்பின் மறுமுனை

சாவியைக் கொடுத்த எதிர்வீட்டுக் காவலாளி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“கூட யாரும் வரலியாம்மா?”

“வந்துட்டே இருக்காங்க,” என்றாள் அவள்.

பொய். செய்தி அப்போதே வந்துவிட்டது. ‘அக்கா, பயங்கர வயித்து வலி. நீங்க அளந்துட்டு வந்துடுங்க, கம்ப்யூட்டர்ல நான் வரைஞ்சு தள்ளிடறேன். செல்ல அக்கா இல்ல?’ அனுப்பியவள், கூட வந்து அளக்க வேண்டிய ஜோடி. வகுப்பில் ரீல்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வயிற்று வலியோடு அவள் ஆடிய புது வீடியோவும் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தது.

சாவி வாங்கியவளோ வகுப்பு முழுவதற்கும் அக்கா. பாசம் ஒன்றும் இல்லை. உள்ளலங்கார வடிவமைப்புப் பட்டப்படிப்பில், இரண்டாம் ஆண்டு ஸ்டுடியோ பாடத்தில் போன வருடம் தோற்றுப்போய் அங்கேயே தங்கிவிட்டவள். கூடப் படித்தவர்கள் மூன்றாம் ஆண்டுக்கு, கல்லூரியின் மேல் மாடிக்குப் போய்விட்டார்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சிரிப்பார்கள், நிற்க மாட்டார்கள். புது வகுப்புக்காரர்களோ அவள் வந்ததும் பேச்சைப் பாதியில் விழுங்குவார்கள். அவள் பக்கத்து ஸ்டூலில் எப்போதும் யாராவது ஒருவருடைய பைதான் உட்கார்ந்திருக்கும்.

போன வருடம் ஒரு ஜன்னலை அளக்காமல் குத்துமதிப்பாகப் போட்டாள். மாட்டிக்கொண்டாள். “அழகா வரையறது அப்புறம். இருக்கறத முதல்ல இருக்கறபடி வரை,” என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோ சார் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். இந்த முறையும் தோற்றால் கல்லூரியில் இடமில்லை. அண்ணன் அதற்குத் தயாராகவே இருந்தான். “கோட்டை விட்டேன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடு. கடையில உட்கார எனக்கும் ஆள் வேணும்.”

சாவி வாங்கிய அந்தப் பழைய மாடி வீட்டில், ஸ்டுடியோ வேலைக்காக ஜோடிக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அளந்து, வரைந்து, அட்டையில் மாதிரி செய்து, தன்னந்தனியாக வாழும் ஒருவருக்கு ஏற்றபடி அதை மாற்றிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் முந்தின வாரமே அளந்து முடித்துவிட்டார்கள். அவளுக்கு விழுந்தது மேல் மாடியின் பின்பக்கத்து நீள அறை.

கதவைத் திறந்தாள். ஈரச் சுண்ணாம்பின் வாசனை. யாரோ இப்போதுதான் சுவர் பூசிவிட்டுப் போனதுபோல. ஆனால் சுவர்கள் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தன. ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். மத்தியான வெளிச்சம் வாசலிலிருந்து பாதி அறைவரை போய், அதற்குமேல் போக மனமில்லாமல் நின்றது.

அகலத்தையும் ஜன்னல்களையும் அளந்துவிட்டாள். அத்தனை நீளத்தை ஒற்றை ஆளாக அளக்க முடியாது. ஒருவர் டேப்பின் நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்றவர் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அவள் நுனியைக் காகித ஒட்டுப்பட்டையால் எதிர்ச்சுவரில் ஒட்டிவிட்டு நடந்தாள். பாதி அறை வருவதற்குள் பிய்த்துக்கொண்டு, இரும்பு நாக்கு சடாரென்று கையருகே வந்து அடித்தது. மறுபடி ஒட்டினாள். மறுபடி சடார்.

“யாராவது பிடிச்சா என்னவாம்,” என்று முணுமுணுத்தாள். தனியாக இருப்பவர்கள் வாய்விட்டுப் பேசுவது வழக்கம்தானே.

அடுத்த தடவை அது பிய்யவில்லை.

வாசல் சுவர்வரை வந்துவிட்டாள். டேப் தொய்யவே இல்லை. கம்பிபோல விறைப்பாக, தரைக்குச் சமமாக இருட்டுக்குள் நீண்டிருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு, டேப்பைச் சுருட்டும் பொத்தானை அழுத்தினாள்.

டேப் வரவில்லை.

மெல்ல இழுத்தாள். அந்தப் பக்கமும் மெல்ல இழுபட்டது.

என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே, ஜோடியாக அளக்கும்போது எல்லோரும் சொல்வதைச் சொன்னாள்.

“போதும். விட்டுடலாம்.”

டேப் திரும்பி வந்தது. சடாரென்று அல்ல. நுனியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிதானமாக நடந்து வந்தால் எப்படிச் சுருளுமோ, அப்படி. கடைசி ஒரு முழம் அவள் கைக்குள் போகும்வரை அது தரையைத் தொடவில்லை.

சுண்ணாம்பு வாசனை அவள் முகத்துக்கு நேரே நின்றது.

அவள் ஓடியிருக்க வேண்டும். பையையும் காகிதத்தையும் அள்ளிக்கொண்டு படியில் இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான், ஓடிவந்ததே அவளுக்குத் தெரிந்தது. ஆனால் விடுதிக்குப் போகும் வழியெல்லாம் நினைவில் நின்றது பயம் அல்ல. இந்தக் கல்லூரியில் அவள் ‘போதும்’ என்று சொல்லும்வரை யாரும் காத்திருந்ததில்லை.

மறுநாள் ஸ்டுடியோவில் கணக்கு இடித்தது. வீட்டின் வெளிச்சுவர்களை மற்ற பிள்ளைகள் அளந்து வைத்திருந்தார்கள். அவளுடைய அறையின் உள்நீளம் வெளிநீளத்தைவிட அதிகம். வீட்டைவிட அறை பெரிது.

ரீல்ஸ் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “என்னக்கா, அறை வீட்டுக்கு வெளிய தொங்குது? பால்கனியா?”

“அளந்தது அதுதான்.”

“நல்லா அளந்தீங்க போங்க. சுவருக்குள்ள தள்ளிடலாம் விடுங்க.”

அது ஸ்டுடியோவில் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம். அளவு உதைத்தால் சுவரின் கனத்தைக் கூட்டிக் குறைத்து மறைத்துவிடுவார்கள். இதில் சுவரையே எடுத்துவிட்டாலும் மறையாது. கடைசியில் அறையின் நீளத்தையே வெட்டி, கோட்டை உள்ளே தள்ளி வரைந்தார்கள். படம் கச்சிதமாக மூடிக்கொண்டது. யாரும் குறை சொல்ல முடியாத பொய்.

அந்தப் படத்தை வைத்து அவள் மாதிரியைச் செய்தாள். அடித்தள அட்டை, நான்கு சுவர்கள், ஒரு சின்னக் கட்டில், ஒரு நாற்காலி. காலையில் வந்து பார்த்தால் கடைசிச் சுவர் பசையிலிருந்து விடுபட்டு, அடித்தள அட்டையின் விளிம்பைத் தாண்டி நின்றது. யாரோ விளையாடுகிறார்கள் என்று மறுபடி ஒட்டினாள். அடுத்த நாளும் அதே இடம். “யாருடா என் மாடலைத் தொட்டது?” என்று கேட்டபோது, “அக்காவுக்கு முத்திடுச்சு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை. ஸ்டுடியோவில் அவளைத் தவிர யாரும் இல்லை. வெயில் மேஜைகள்மேல் படுத்திருந்தது. மறுநாள் ஜூரி. படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஆசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டிய நாள். சுவரை ஒட்டி, பசை இறுகும்வரை விரலால் பிடித்திருந்துவிட்டு, கத்தியின் பிளேடை மாற்றத் திரும்பினாள்.

சின்னச் சத்தம். காய்ந்த பசை பிரியும் சத்தம்.

அவள் திரும்பவில்லை.

அட்டைமேல் அட்டை உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

சுண்ணாம்பு வாசனை.

மெதுவாகத் திரும்பினாள். சுவர் விளிம்பில் நின்றது. அதன் பின்னால் அட்டை இல்லாத வெற்று இடம். சின்ன நாற்காலி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது, அங்கே நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல.

“உன் இடத்த வெட்டிட்டேன். அதானே?” என்றாள் அவள்.

வாசனை போகவில்லை.

பொய்ப்படம் அவளைப் பாஸாக்கிவிடும். உண்மைப்படம் வீட்டுக்கு அனுப்பிவிடும். அண்ணன் முகம் கண்ணுக்குள் வந்துபோனது. பிறகு படத்தைத் திறந்து, கோட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். அடித்தளத்தில் ஒரு துண்டு அட்டையைச் சேர்த்து ஒட்டினாள். அதற்குமேல் சுவர் அசையவில்லை.

ஜூரியில் சிரிக்காதவர் சார் ஒருவர்தான்.

“இந்த நீளம் எப்படி வந்துச்சு?”

“அளந்தேன் சார்.”

“போன வருஷமும் இதத்தான் சொன்ன.”

“இந்தத் தடவை நிஜமாவே அளந்தேன் சார்.”

ரீல்ஸ் தரையைப் பார்த்தாள். சார் மேஜைமேல் கிடந்த டேப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “சாப்பாட்டு நேரத்துல நானே போய்ப் பார்க்கறேன். தப்பா இருந்தா வேற பேச்சு கிடையாது.”

தனியாகத்தான் போனார். திரும்பி வந்தபோது அவர் தலைமுடியிலும் தோளிலும் வெள்ளைத்தூள். வகுப்பு அடங்கியது. நேராக அவள் மேஜைக்கு வந்து, மற்றவர்கள் கேட்காதபடி குனிந்தார்.

“அளவு சரி.”

“சார்…”

“பாஸ். அந்த வீட்டுப் பக்கம் இனிமே போகாத.” போக நிமிர்ந்தவர் நின்றார். குரல் இன்னும் தாழ்ந்தது. “நீ விடச் சொன்னதும்… விட்டுச்சா?”

“விட்டுச்சு சார்.”

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். டேப் இல்லாத சட்டைப்பையைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

அவள் அண்ணனுக்கு அழைத்தாள். கடையில் கூட்டம், அப்புறம் பேசுகிறேன் என்றான். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. சாயங்கால வெயிலில் தனியாக விடுதிக்கு நடந்தாள்.

விடுதியிலேயே சின்ன அறை அவளுடையது. கட்டில் ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை அடைத்துக்கொண்டிருக்கும். கதவைத் திறந்தால் பாதியிலேயே கட்டில்காலில் இடிக்கும், பக்கவாட்டில் நுழைய வேண்டும். வழக்கம்போல் உடம்பைத் திருப்பிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

கதவு இடிக்கவில்லை. முழுவதும் திறந்து சுவரில் போய்ச் சாய்ந்தது.

கட்டில் தள்ளிப் போயிருந்தது. தலைமாட்டில் அது இன்னமும் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

அந்தச் சுவர்தான் காலையில் இருந்த இடத்தில் இல்லை.

அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலின் ஓர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.

கட்டிலின் மறுபக்கம், யாரோ உட்கார்ந்ததுபோல, மெத்தை மெதுவாக அழுந்தியது.